இங்கிலாந்தில் வீட்டிலேயே பீர் தயாரிக்கத் தொடங்குபவர் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

லீட்ஸ் நகரத்துக்கு அண்மையில் குடிவந்திருப்பதாகவும், வீட்டிலேயே பீர் தயாரித்துப் பார்க்க விரும்புவதாகவும், எந்தெந்தக் கருவிகளை வாங்குவது என்று குழப்பமாக இருப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக இங்கே என் வீட்டில் பீர் தயாரித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: கருவிகள் இரண்டாம்பட்சம். ஈஸ்ட் தூவியபின் வரும் முதல் மூன்று நாட்களில், பீரை நொதிக்கவைக்கும் வாளிக்குள் இருக்கும் வெப்பநிலையும், பீரைத் தொடும் ஒவ்வொரு பொருளின் சுத்தமுமே முதல் முயற்சியின் சுவையைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் வீட்டில் பீர் தயாரிக்க 1963 வரை உரிமம் வேண்டியிருந்தது. அந்த ஆண்டின் பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை நீக்கினார். அன்று முதல் சொந்தப் பயன்பாட்டுக்காகத் தயாரிக்கும் பீருக்கு உரிமமும் வேண்டாம், வரியும் இல்லை. ஆனால் அதை விற்கக் கூடாது, வடித்துச் சாராயமாக்கவும் கூடாது. தமிழ்நாட்டில் இருந்தபடி இதைப் படிப்பவர்கள், அங்கே உரிமமின்றி வீட்டில் மது தயாரிப்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். நம் ஊர்க் கள்ளச்சாராயச் சாவுகளை நினைத்து அஞ்சுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அந்த உயிர்களைக் குடித்தது சாராயத்தில் கலக்கப்பட்ட மெத்தனால். பார்லி மால்ட்டை, அதாவது முளைக்கவைத்து உலர்த்திய பார்லியை, நொதிக்க வைக்கும்போது அந்த அளவுக்கு மெத்தனால் உருவாவதே இல்லை.

பீரில் ஏல், லாகர் என்று இரண்டு பெரிய வகைகள் உண்டு; முதல் முறைக்கு ஏல் வகையையே தேர்ந்தெடுங்கள். லாகருக்கு 10 முதல் 13 டிகிரி வரையிலான குளிர்ச்சியை வாரக்கணக்கில் ஒரே சீராகக் காக்க வேண்டும், அதற்குத் தனியே ஒரு குளிர்பெட்டி இல்லாமல் முடியாது. ஏல் ஈஸ்டுக்கோ 18 முதல் 20 டிகிரி போதும், அது இங்கே வீட்டுக்குள் எளிதாகக் கிடைக்கும் வெப்பநிலைதான். பார்லி மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைச் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவைக்கும் முழு முறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஹாப்ஸ் ஏற்கெனவே சேர்க்கப்பட்ட கெட்டியான மால்ட் பாகு டின்னில் கிடைக்கிறது. அதைக் கொண்டு 23 லிட்டர் பீர் தயாரிக்கலாம். ஒரு டின் மட்டுமே உள்ள தொகுப்பாக இருந்தால் ஒரு கிலோ சர்க்கரை சேர்க்கச் சொல்லியிருப்பார்கள். அந்தச் சர்க்கரைக்குப் பதிலாக உலர் மால்ட் தூள் சேர்த்தால் பீர் நீர்த்துப்போகாமல் நல்ல கனத்துடன் இருக்கும். கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும், இந்த ஒரு மாற்றத்தை எல்லாருக்கும் பரிந்துரைப்பேன்.

மூடியுள்ள 25 லிட்டர் வாளி, உள்ளே உருவாகும் வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றை உள்ளே விடாத ஏர்லாக், திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், வாளியின் வெளிப்புறத்தில் ஒட்டும் வெப்பமானிப் பட்டை, பீரை வடிக்கும் குழாய், கழுவிவிடத் தேவையில்லாத கிருமிநீக்கி, இவ்வளவு இருந்தால் தொடங்கிவிடலாம். கழுவுவதும் கிருமி நீக்குவதும் இரு வேறு வேலைகள் என்பதை மட்டும் மறக்காதீர்கள்; அழுக்கு ஒட்டியிருக்கும் இடத்தில் கிருமிநீக்கி வேலை செய்யாது. வாளியைக் கம்பி நாரால் தேய்க்கவே கூடாது. பிளாஸ்டிக்கில் விழும் மெல்லிய கீறல்களுக்குள் கிருமிகள் தங்கிவிட்டால், எவ்வளவு கழுவினாலும் போவதில்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் மால்ட்டில் உள்ள பீனால்களோடு சேர்ந்தால், பீரில் மருத்துவமனை நெடி போன்ற ஒன்று ஏறிவிடும், பிறகு அதை எதுவும் போக்காது. குளோரினை நீக்கும் கேம்ப்டன் (Campden) மாத்திரையில் பாதியைப் பொடித்து 23 லிட்டர் தண்ணீரில் கலந்தால் சில நிமிடங்களில் குளோரின் நீங்கிவிடும். மாத்திரையின் விலை மிகக் குறைவு. அப்படியிருந்தும் பல தொடக்க வழிகாட்டிகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தமே.

டின்னில் உள்ள பாகைக் கொதிநீரில் கரைத்து, குளிர்ந்த நீர் சேர்த்து 23 லிட்டராக்கி, 20 டிகிரிக்கு வந்த பிறகே ஈஸ்டைத் தூவுங்கள். ஒரு நாளுக்குள் மேலே நுரை திரளத் தொடங்கும். கவனம் மிகத் தேவைப்படும் கட்டம் இதுதான். தோசை மாவு கோடையில் சீக்கிரம் பொங்கிப் புளித்துவிடுவதும் குளிர்காலத்தில் அசையாமல் கிடப்பதும் நமக்குப் பழகிய செய்தி. ஆனால் பீரில் இன்னொன்றும் உண்டு. நொதித்தல் தானே வெப்பத்தை உண்டாக்குவதால், அறை 20 டிகிரியில் இருக்கும்போதே வாளிக்குள் 24 டிகிரியைத் தொட்டுவிடலாம். அந்தச் சூட்டில் ஈஸ்ட் தொண்டையைக் காந்தும் கனமான ஆல்கஹால்களையும், நகப்பூச்சு நீக்கியை நினைவூட்டும் வாசனையையும் உண்டாக்கிவிடுகிறது. எனவே அறையின் வெப்பமானியை நம்பாமல் வாளியில் ஒட்டிய பட்டையைப் பாருங்கள். பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் வாளியை வைத்து, உறையவைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றைக் காலையும் மாலையும் தொட்டியில் மாற்றி மாற்றிப் போட்டாலே மூன்று நான்கு டிகிரி குறையும். குளிர்காலத்தில் நிலைமை தலைகீழ்: இரவில் ஹீட்டர் அணைந்ததும் 15 டிகிரிக்குக் கீழே இறங்கி ஈஸ்ட் தூங்கிவிடக்கூடும் என்பதால், அப்போது வாளியைச் சுற்றும் வெப்பப் பட்டை ஒன்று உதவும்.

டின் உறையில் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும் என்று எழுதியிருந்தாலும், இரண்டு வாரம் விட்டுவையுங்கள். ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஹைட்ரோமீட்டரில் அடுத்தடுத்து மூன்று நாட்கள் ஒரே அளவு காட்ட வேண்டும். சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற அந்த அளவு இறங்கும்; தொடக்கத்தில் 1.040 காட்டியது 1.010இல் வந்து நின்றால், பீரில் ஏறத்தாழ 4 சதவீத ஆல்கஹால் இருக்கும். நொதித்தல் முடியும் முன்னரே பாட்டிலில் அடைத்தால் அழுத்தம் ஏறிக் கண்ணாடி வெடிக்கும், ஆகவே அவசரம் வேண்டாம்.

பாட்டிலுக்குள் பீர் மீண்டும் சிறிது நொதித்து வாயு ஏற, அடைக்கும்போது அரை லிட்டர் பாட்டிலுக்கு அரைத் தேக்கரண்டி சர்க்கரை போதும். முதல் முறைக்குப் பழுப்பு நிறப் பிளாஸ்டிக் பீர் பாட்டில்களையே வாங்குங்கள். வெளிச்சம் ஹாப்ஸைக் கெடுக்காமல் அந்த நிறம் காக்கும்; உள்ளே அழுத்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையும் விரலால் அழுத்திப் பார்த்தே அறியலாம். அடைத்த அன்று நெகிழ்ந்து கொடுக்கும் பாட்டில், வீட்டுச் சூட்டில் இரண்டு வாரம் இருந்தபின் கல்லைப் போல இறுகியிருக்கும். அதன் பிறகு குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, மேலும் இரண்டு வாரமாவது நிமிர்த்தி வையுங்கள். ஊற்றும்போது அடியில் படிந்திருக்கும் ஈஸ்ட் கலங்காதபடி ஒரே சாய்வில் ஊற்றி, கடைசி விரற்கடை அளவைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.