இரண்டடிச் சுவரும் ஒரே வைஃபையும்

கேள்வி: காரைக்குடியில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறேன். மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களுமாகப் பதினான்கு பேர் இருக்கிறோம். எல்லோருக்கும் சேர்த்து 100 எம்பிபிஎஸ் (Mbps) வேக இணைய இணைப்பு ஒன்றுதான். மோடம் முகப்பில் இருக்கிறது, என் அறை இரண்டாம் கட்டில், அதாவது வீட்டின் உள்பகுதியில். இரவு எட்டு மணிக்கு மேல் இணைய வகுப்பில் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறலாமா? சுவரில் துளை போடக் கூடாது என்று வீட்டுக்கார ஆச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பதில்: இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். தெளிவான வீடியோ ஒன்றுக்கு 5 எம்பிபிஎஸ் போதும். பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தாலும் 70தான் ஆகிறது. ஆகவே வேகம் வேறு எங்கோ தொலைகிறது. எங்கே என்று தெரியாமல் திட்டத்தை மாற்றினால், ஓட்டைக் குடத்துக்குப் பெரிய வாளியால் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

இன்று இரவு ஒன்பது மணிக்கு மடிக்கணினியைக் கேபிள் வழியாக மோடத்தில் செருகி வேகத்தைச் சோதியுங்கள். உடனே உங்கள் அறைக்குப் போய் வைஃபையிலும் சோதித்துப் பாருங்கள். விடியற்காலையில் ஒருமுறை இதையே செய்யுங்கள். கேபிளில் நன்றாக வந்து அறையில் மட்டும் குறைந்தால், குற்றம் சுவர்களுடையது. கேபிளிலேயே இரவில் படுத்து, காலையில் எழுந்துகொள்கிறது என்றால், வீட்டுக்குள் யாரோ இணைப்பை அடைக்கிறார்கள் அல்லது நிறுவனத்தின் தடத்தில் நெரிசல். எல்லா நேரமும் குறைவு என்றால், மாத அளவு தீர்ந்து வேகத்தைக் குறைத்துவிட்டார்களா என்று கேளுங்கள்.

உங்கள் வீட்டில் சுவர்தான் காரணம் என்றே நினைக்கிறேன். செங்கல்லும் சுண்ணாம்புமாக இரண்டடித் தடிமனில் எழுப்பிய சுவரை ஒன்றிரண்டு முறை தாண்டுவதற்குள் சமிக்ஞை களைத்துவிடும். வைஃபையின் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் இன்னும் சீக்கிரம் மங்கும். தேவகோட்டையில் ஒரு வீட்டில் மோடம் பார்வைக்கு அழகாக இல்லை என்று, அதை இரும்பு அலமாரிக்கும் பெரிய பெல்ஜியம் கண்ணாடிக்கும் நடுவே ஒளித்து வைத்திருந்தார்கள். கண்ணாடியின் பின்பூச்சு உலோகம். அலையைத் திருப்பி அனுப்பிவிடும். வெளியே எடுத்து உயரத்தில் வைத்ததுமே அடுத்த கட்டு வரை நிலைமை தேறியது.

தொலைவில் இருக்கும் ஒரு போன் எல்லோரையும் மந்தமாக்கும் என்பது பலருக்குத் தெரியாது. வைஃபை என்பது ஒரே ஆள் பரிமாறும் பந்தி. கடைசி இலைக்காரருக்குக் காது மந்தம் என்றால் அவரிடம் மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் பரிமாறுபவர் நகர முடியும். அதுவரை மற்ற இலைகள் காத்திருக்கும். அதனால்தான் வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும் ரிப்பீட்டர் வாங்க வேண்டாம் என்கிறேன். விலை மலிவான ரிப்பீட்டர் கேட்டதை அதே காற்றில் மறுபடி சொல்கிறது. வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

நல்ல வழி உங்கள் வீட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளில் தலைவாசலில் நின்றால் பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும் அல்லவா? அந்த வாசல் நிலைகளின் ஓரமாகவே கேட்-6 (Cat 6) என்னும் இணையக் கேபிள் ஒன்றை இரண்டாம் கட்டு வரை கொண்டுபோகலாம். துளை வேண்டாம், தேக்கு நிலையில் ஆணியும் வேண்டாம். ஒட்டும் கிளிப் போதும். கதவு சாத்தும்போது நசுங்காத மூலையாகப் பாருங்கள். 100 மீட்டர் வரை கேபிளில் வேகம் குறையாது. கடையில் முழுச் செம்புக் கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் வேண்டாம். வளவின் திறந்த முற்றத்தைக் குறுக்கே கடக்காமல் தாழ்வாரத்தின் உட்புறமாகவே இழுங்கள். சாரலுக்கும் இடிக்கும் அதுதான் பாதுகாப்பு.

கேபிளின் மறுமுனையில் ஒரு சாதாரண ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் முறையில், அதாவது கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்ப மட்டும், வையுங்கள். யாரிடமாவது சும்மா கிடக்கும் பழையதுகூடப் போதும். பெயரும் கடவுச்சொல்லும் முகப்பில் உள்ளவையே இருக்கட்டும். சேனல், அதாவது அலைவரிசைக்குள் அது பேசும் தடம், மட்டும் வேறாக இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாதவை என்று வழக்கமாக எடுப்பவை 1, 6, 11. முகப்புக்கு 1, உள்கட்டுக்கு 6 அல்லது 11 என்று பிரித்து, சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். அறைக்கு அறை ஹாட்ஸ்பாட் போடும் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்; அதுவும் இதே காற்றைத்தான் பிடிக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் வேகச் சோதனை நன்றாகக் காட்டி, வகுப்பில் மட்டும் குரல் உடைந்தால், யாருடைய போனோ படங்களையும் வீடியோக்களையும் மேலேற்றிக்கொண்டிருக்கலாம். மேலேற்றும் பாதை நிரம்பினால் உங்கள் குரலும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். ரவுட்டரில் எதற்கு எவ்வளவு வேகம் என்று பங்கிடும் கியூஓஎஸ் (QoS) வசதி இருந்தால், மேலேற்றும் வேகத்தைச் சோதனையில் வந்ததில் 85 விழுக்காட்டுக்குக் கட்டுங்கள். இல்லாவிட்டால், படச் சேமிப்பை நள்ளிரவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுமாறு பதினான்கு பேரிடமும் நேரில் பேசுங்கள். யாரையும் குற்றவாளியாக்க வேண்டாம். பெரும்பாலும் அந்தப் போன்காரருக்கே அது நடப்பது தெரிந்திருக்காது.

கேபிள் இழுப்பதற்கு முன் ஆச்சியை அழைத்து, அது போகும் வழியைக் காட்டிவிடுங்கள்.