காணொலியில் மருத்துவம்: வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பற்றிய கேள்வி பதில்

ஈரோட்டில் குழந்தை வளர்ச்சி மருத்துவராக இருக்கும் நான், இந்த வாரம் வந்த கேள்விகளில் என் துறைக்கு உட்பட்டவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

சோமனூரிலிருந்து ஒரு தாய்: மூன்று வயது மகனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. வாரம் இருமுறை கோவைக்குப் போனால் அன்றைக்குத் தறி ஓடாது. வீட்டிலிருந்தே காணொலியில் பயிற்சி பெறலாமா?

பெறலாம். ஆனால் பயிற்சியாளர் கற்றுக்கொடுக்கப் போவது உங்கள் மகனுக்கு அல்ல, உங்களுக்குத்தான். வாரத்தில் ஒரு மணி நேரம் அவர் சொல்லித் தருவதைக் குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் நீங்கள் நாள்தோறும் செய்வதுதான் சிகிச்சை. பையனைப் பிடித்து இழுத்துக் கேமரா முன்னால் உட்கார வைக்க வேண்டாம். கைபேசியைத் தரையில் ஒரு சொம்பின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, அவனை வழக்கம்போல விளையாட விடுங்கள்.

பல்லடம் பக்கம் ஒரு வீட்டை நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விசைத்தறி ஓடிக்கொண்டிருந்த வரை தாய் கூப்பிட்டதற்கெல்லாம் திரும்பாத சிறுவன், மின்சாரம் போய்த் தறி நின்றவுடன் அடுப்படியில் கரண்டி விழுந்த ஓசைக்குச் சட்டெனத் திரும்பினான். அமைதியான என் அறைக்கு அவன் இரண்டு முறை வந்தபோதும் எனக்கு இது பிடிபடவில்லை. திரும்பினான் என்பதால் காது நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாமல் சோதனைக்கு அனுப்பினேன். இரண்டு காதுகளிலும் ஓரளவு மந்தம் என்று அறிக்கை வந்தது. பேச்சு தாமதமாகும் எந்தப் பிள்ளைக்கும் முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் சோதனை. அதைக் காணொலியில் செய்ய முடியாது.

சத்தியமங்கலம் வாசகர்: மூளை முடக்குவாதம் உள்ள மகளுக்கு அவ்வப்போது வலிப்பு வருகிறது. மருத்துவர் காணொலியிலேயே பார்க்கலாமா?

ஏற்கெனவே நேரில் பார்த்த மருத்துவர் தொடர் கவனிப்புக்காகப் பார்க்கலாம். வலிப்பு வரும்போது வீட்டில் இன்னொருவர் அதைப் படமெடுத்து வைப்பது, பத்து நிமிட வருணனையை விட எங்களுக்கு உதவும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நேரத்தைப் பாருங்கள், 5 நிமிடத்தைத் தாண்டினால் யாரையும் காணொலியில் அழைக்காமல் 108-ஐ அழையுங்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிக்க வேண்டாம் என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன், இன்னும் திணிக்கிறார்கள்.

நாமக்கல் வாசகர்: கவனக்குறைவுக் கோளாறுக்கான (ADHD) மெத்தில்பெனிடேட் மாத்திரைச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்ப மருத்துவர் மறுக்கிறார்.

அவர் செய்வது சரி. 2020 மார்ச் 25-இல் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள், கடும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகளின் பட்டியலான அட்டவணை எக்ஸ்-இல் உள்ள மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதிக் கொடுப்பதைத் தடை செய்கின்றன. இந்த மருந்து அந்த அட்டவணையில் இருக்கிறது.

பொள்ளாச்சி வாசகர்: குழந்தைக்குக் கைபேசியைக் காட்டாதே என்று சொல்லும் நீங்களே கைபேசியில் சிகிச்சை என்கிறீர்கள். இது முரண் இல்லையா?

நியாயமான கேள்வி. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2 வயதுக்குள் திரையே கூடாது என்கிறது. உறவினருடன் எப்போதாவது பேசும் காணொலி அழைப்புக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. 2 முதல் 5 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. நான் சொல்லும் முறையில் குழந்தை திரையைப் பார்ப்பதே இல்லை. பின்பக்கக் கேமராவைத் திறந்து வையுங்கள், நீங்கள் காதில் இயர்போன் மாட்டிக்கொள்ளுங்கள். பயிற்சியாளரின் குரல் உங்களுக்கு மட்டும் கேட்கும், குழந்தைக்கு உங்கள் முகம் மட்டும் தெரியும். ஆனால் சிகிச்சை என்ற பெயரில் கார்ட்டூன் ஓட்டும் செயலிகளுக்குச் சந்தா கட்டிவிட்டு என்னிடம் வந்த பெற்றோரும் உண்டு. உங்கள் கோபம் அவற்றின் மேல் என்றால் எனக்கும் அதே கோபம்தான்.

கோபியிலிருந்து இன்னொருவர், இதே பேச்சில்: மழுப்ப வேண்டாம். செல்போன் பார்த்துத்தான் ஆட்டிசம் வந்தது என்று எங்கள் அப்பத்தா சொல்கிறார்கள்.

அப்பத்தா சொல்வதில் பாதி சரி. திரை, பிள்ளையோடு பேசும் நேரத்தைத் தின்றுவிடுகிறது. அதனால் பேச்சு பின்தங்கலாம். ஆனால் ஆட்டிசத்துக்கு மரபணுக்களின் பங்கு பெரிது, அதன் தொடக்கம் பெரும்பாலும் பிறப்புக்கு முன்பே இருக்கிறது. இப்போது பரவியிருக்கும் ‘மெய்நிகர் ஆட்டிசம்’ என்ற பெயர் அங்கீகரிக்கப்பட்ட எந்த நோய்ப் பட்டியலிலும் கிடையாது. அந்தப் பெயரை நம்பி, கைபேசியைப் பிடுங்கிவிட்டால் சரியாகிவிடும் என்று காத்திருந்தவர்கள் பயிற்சி தொடங்க வேண்டிய காலத்தை இழந்திருக்கிறார்கள். இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கரூர் வாசகர்: கவனக்குறைவு மாத்திரையைத் தொலைபேசியில் எழுதி வாங்க முடியுமா?

நாமக்கல் வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வால்பாறை வாசகர்: எங்கள் லயன் வீட்டில் சிக்னல் நிற்பதே இல்லை.

நேரலை தேவையில்லை. சாப்பிடும்போது, விளையாடும்போது, அடம்பிடிக்கும்போது இரண்டு நிமிடம் வீதம் படமெடுத்து, சிக்னல் கிடைக்கும் இடத்திலிருந்து மருத்துவருக்கு அனுப்பிவிட்டு, பிறகு சாதாரண அழைப்பில் அவரோடு பேசுங்கள். குரல்வழி ஆலோசனையையும் நெறிமுறைகள் ஏற்கின்றன. அருகிலுள்ள நலவாழ்வு மையத்தில் இசஞ்சீவனி என்ற அரசுத் தொலைமருத்துவச் சேவை வழியாக மருத்துவரோடு பேச வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

காங்கேயம் வாசகர்: மாற்றுத்திறனாளி சான்றிதழையும் காணொலியில் வாங்கலாமா?

விண்ணப்பம் இணையத்தில்; மதிப்பீடு நேரில்.

பெருந்துறை வாசகர்: அறிவுசார் குறைபாடுள்ள என் மகனுக்கு 19 வயது. மருத்துவர் அவனிடமே பேச வேண்டும் என்கிறார். நான் பேசினால் போதாதா?

முதலில் உங்கள் மகனிடம் பேச விரும்பும் மருத்துவர் நல்லவர், அவரை விட்டுவிடாதீர்கள். மகன் சொல்ல முடிந்ததைச் சொல்லி முடித்த பிறகு, விடுபட்டதை நீங்கள் சொல்லுங்கள். 18 வயது நிறைந்தவருக்குப் பெற்றோர் தாமாகவே சட்டப்பூர்வக் காப்பாளர் ஆகிவிடுவதில்லை. தேவையென்றால் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பியுங்கள்.

அவிநாசி வாசகர்: இரண்டரை வயது மகளுக்குப் பேச்சு வரவில்லை. எந்தச் செயலி நல்லது?

செவித்திறன் சோதனை செய்தாயிற்றா?