பில்லும் ஸ்டாக்கும் ஷேர்பாயிண்டில் தாங்குமா?

கேள்வி: பம்ப் உதிரிபாகம் மொத்த வியாபாரம் செய்கிறோம். 30 பேர் வேலை பார்க்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா ஏற்கெனவே இருக்கிறது. ஆர்டர், ஸ்டாக், பில் எல்லாவற்றையும் அதோடு வரும் ஷேர்பாயிண்ட் லிஸ்டிலேயே (ஆன்லைன் அட்டவணை) வைத்துக்கொள்ளலாமா, தனி டேட்டாபேஸ் வேண்டுமா?

பதில்: லீவு விண்ணப்பம், கொள்முதல் ஒப்புதல், சப்ளையர் ஒப்பந்தம், புகார்ப் பதிவு ஆகியவற்றைத் தாராளமாக ஷேர்பாயிண்டில் போடுங்கள். ஸ்டாக்கும் பில்லும் அங்கே வேண்டாம்.

லிஸ்டில் 5,000 வரி (row) என்ற வரம்பைச் சொல்லித்தான் பலரும் பயமுறுத்துவார்கள். அது அவ்வளவு பெரிய விஷயமில்லை. ஒரு லிஸ்டில் 3 கோடி வரி வரை வைக்கலாம். ஒரே தேடலில் 5,000-க்கு மேல் புரட்டத்தான் தடை. தேதி, வாடிக்கையாளர் காலம்களுக்கு ஆரம்பத்திலேயே இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் குறிப்பு) போட்டு, முதல் ஃபில்டரிலேயே எண்ணிக்கை குறையும்படி வியூ அமைத்தால் போதும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 8 அயிட்டம் உள்ள பில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பில் தலைப்பு 1, அயிட்டம் வரி 8, ஸ்டாக் கழிப்பு 8 என 17 பதிவுகள். இவற்றை ஒவ்வொன்றாக எழுதும் பவர் ஆட்டோமேட் (மைக்ரோசாஃப்டின் தானியங்கிக் கருவி) 11-வதில் நின்றுவிட்டால் பில் முழுசாக இருக்கும், ஸ்டாக்கில் ஒரே ஒரு பொருள்தான் குறைந்திருக்கும். டேட்டாபேஸில் இந்த 17-ஐயும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் அடைத்துவிடலாம். ஒன்று தவறினாலும் எல்லாம் ரத்து.

இரண்டு கவுன்ட்டரில் ஒரே நேரத்தில் பில் போடும்போதும் இதே கதைதான். ஒரு பம்ப் சீலின் இருப்பு 3. இருவரும் 3 என்று படித்து, ஆளுக்கு 2 விற்று, 1 என்று எழுதிவிடுவார்கள். ‘இருப்பு 2-க்குக் குறையாமல் இருந்தால் மட்டும் 2 கழி’ என்று டேட்டாபேஸுக்கு ஒரே கட்டளையாகக் கொடுத்தால், இரண்டாவது பில் அங்கேயே நின்றுவிடும்.

பவர் ஆப்ஸில் (மைக்ரோசாஃப்டின் ஆப் உருவாக்கும் கருவி) மாத விற்பனையைக் கூட்டுவதிலும் கவனம் தேவை. ஷேர்பாயிண்ட் லிஸ்ட் என்றால் முதல் 500 வரியை மட்டும், செட்டிங்கை மாற்றினால் அதிகபட்சம் 2,000 வரியை எடுத்துக் கூட்டும். பயன்படுத்துபவருக்கு எந்த எச்சரிக்கையும் வராது.

செலவையும் பாருங்கள். பவர் ஆப்ஸை எஸ்க்யூஎல் சர்வரோடு (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ்) இணைக்க பிரீமியம் லைசென்ஸ் வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் தன்னளவில் இலவசம்; ஆனால் தினசரி பேக்கப் உங்கள் பொறுப்பு. அதை மாதம் ஒருமுறை வேறு கணினியில் ஏற்றிப் பார்க்காவிட்டால் பேக்கப் இருக்கிறது என்று நம்பாதீர்கள். பில் பிடிஎஃப்களை ஷேர்பாயிண்ட் லைப்ரரியில் பில் எண்ணோடு சேமித்து, லிங்கை மட்டும் டேட்டாபேஸில் வையுங்கள்.

ஏற்கெனவே டேலியில்தான் பில் போடுகிறீர்கள் என்றால், ஸ்டாக்கும் அங்கேயே இருக்கட்டும். புதிதாக எதையும் கட்ட வேண்டாம்.