பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் கூட்டத்தில் காணாமல் போய்விடுவோமா?

கேள்வி: பள்ளியில் என் வகுப்பில் நாற்பது பேர்தான். இப்போது பல்லாயிரம் பேர் படிக்கும் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. விரும்பிய துறை கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. அங்கே படிப்பும் வாழ்க்கையும் எப்படி இருக்கும்? தானாகப் போய்ப் பேசத் தெரியாத என்னைப் போன்றவர்கள் தாக்குப்பிடிக்க முடியுமா?

பதில்:

முடியும். நானும் வாய் திறக்கக் கூச்சப்படுகிற ஆள்தான். அப்படியொரு பல்கலைக்கழகத்தில் இளங்கலையில் சேர்ந்து, பிறகு அங்கேயே ஆராய்ச்சி மாணவனாகி, முதலாண்டுக்காரர்களின் விடைத்தாள் திருத்தி, டுடோரியல் (பெரிய வகுப்பைச் சின்னக் குழுக்களாகப் பிரித்துப் பயிற்சி தரும் வகுப்பு) எடுத்து, மொத்தம் ஒன்பது வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். ஆனால் முதல் செமஸ்டரில் நான் காணாமல் போகத்தான் செய்தேன். அதை மறைத்துவிட்டு உங்களுக்குத் தைரியம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கணித வகுப்பு, படிப்படியாகக் கீழே இறங்கும் பெரிய அரங்கம் ஒன்றில் நடக்கும். முன்னூறு பேருக்கு மேல் இருப்போம். நான் கடைசிக்கு முந்தைய வரிசை. அங்கிருந்து பார்த்தால் பேராசிரியர் கட்டைவிரல் உயரம். ஒருமுறை காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டு எட்டாம் நாள் போனேன். பள்ளியாக இருந்தால் வாசலிலேயே நிறுத்திக் கேட்டிருப்பார்கள். இங்கே ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு ஆள் இல்லை. வழக்கமாக நான் உட்காரும் இடத்தில் வேறு யாரோ பையை வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் வயிற்றைப் பிசைந்தது.

சரி, சேர்க்கைக்கு வருகிறேன். பார்க்கிறவர்களுக்கு நீங்கள் சேர்வது பல்கலைக்கழகத்தில். ஆனால் நீங்கள் நாலு வருடம் வாழப்போவது ஒரு துறையில். இரண்டும் ஒன்றல்ல. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் பெரிய அரசுப் பல்கலைக்கழகம். 1973-ல் அங்கே மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, பெண்களில் 35 சதவீதம் பேருக்குத்தான். பாரபட்சம் என்றுதான் யாருக்கும் தோன்றும். பீட்டர் பிக்கல் என்ற புள்ளியியல் பேராசிரியரும் அவருடைய சகாக்கள் இருவரும் துறை துறையாகப் பிரித்துப் பார்த்து, 1975-ல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். துறைவாரியாகப் பார்த்தால் அந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிட்டது. இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் தெரிவது, பிரித்துப் பார்த்தால் மாறிவிடுவதைப் புள்ளியியலில் சிம்ப்சன் முரண் என்பார்கள். வகுப்பில் அதற்கு இதைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

அந்தத் துறைவாரிக் கணக்கை அட்டவணையாகப் போட்டிருப்பார்கள், எனக்கு அதில் வேறொன்று கண்ணில் படும். அட்டவணையில் இருப்பவை மிகப் பெரிய ஆறு துறைகள். அதில் ஒன்றுக்கு 933 பேர் விண்ணப்பித்து 601 பேருக்கு இடம் கிடைத்திருக்கிறது. இன்னொன்றில் 714 பேருக்கு 46 இடம். ஒரே பல்கலைக்கழகம், ஒரே வருடம். ஆகவே "அங்கே இடம் கிடைப்பது கஷ்டமா?" என்று பொதுவாக விசாரிக்காதீர்கள். எந்தத் துறை என்று சேர்த்துக் கேளுங்கள். அதோடு இரண்டாம், மூன்றாம் ஆண்டில் ஒரு வகுப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். முதலாண்டில் முன்னூறு பேர் உட்காரும் அரங்கத்தைப் பார்த்து மிரண்ட நான், மூன்றாம் ஆண்டில் பதினெட்டுப் பேர் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன்.

"எப்படியாவது உள்ளே நுழைந்துவிடு, அப்புறம் துறையை மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொல்வார்கள். கூட்டம் மோதும் துறைகள்தான் உள்ளேயிருந்து மாறி வருபவர்களுக்கும் கதவை இறுக்கிச் சாத்தியிருக்கும். என் அறைத்தோழன் அந்தப் பேச்சை நம்பி வந்தவன். மூன்று முறை மனுக் கொடுத்தான், மூன்று முறையும் இல்லை என்று வந்தது. கடைசியில் பிடிக்காத பாடத்தையே படித்து முடித்தான். விதி என்ன என்பதைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். அதே மாதிரி, இந்த வருடம் கிடைக்கவில்லையென்றால் எல்லாம் போயிற்று என்றும் நினைக்க வேண்டாம். பக்கவாட்டுக் கதவு என்பது சில இடங்களில் திட்டத்திலேயே உண்டு. கலிபோர்னியாவில் 1960-ல் போட்ட உயர்கல்வித் திட்டம் அப்படித்தான். பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கு பேர் பல்கலைக்கழகத்துக்கு, முதல் மூன்றில் ஒரு பங்கு பேர் மாநிலக் கல்லூரிகளுக்கு, இரண்டு வருடப் படிப்பு தரும் சமுதாயக் கல்லூரியோ எல்லாருக்கும் என்று வைத்தார்கள். அங்கே இரண்டு வருடம் நன்றாகப் படித்தால் பல்கலைக்கழகத்துக்கு மாறி வர வழியும் வைத்தார்கள். நீங்கள் போகும் இடத்தில் அப்படி நேரடி இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டுச் சேர்க்கை உண்டா என்று விசாரித்து வையுங்கள்.

இனி படிப்பு. என் முதல் இடைத்தேர்வு மதிப்பெண் நூற்றுக்கு 31. ஊர் சுற்றி வாங்கிய 31 இல்லை, தினமும் உட்கார்ந்து படித்து வாங்கியது. ஒரு மணி நேர வகுப்புக்கு வெளியே இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை கிரெடிட் என்று அளவு வைத்துக் கணக்குப் போடும் பல இடங்களில் அதுதான் வாய்ப்பாடு. அதைக் கடிகாரம் வைத்துக் கடைப்பிடித்தேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக.

எங்கே தப்பு என்பது வெகுநாள் கழித்து யூரி ட்ரைஸ்மன் செய்த வேலையைப் பற்றிப் படித்தபோதுதான் புரிந்தது. 1970-களில் அவரும் அதே பெர்க்லியில் ஆராய்ச்சி மாணவர். முதலாண்டு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் ஏன் தோற்கிறார்கள் என்று பார்க்கப் புறப்பட்டார். ஆர்வமில்லை, அடிப்படை போதாது, வீட்டில் ஊக்கமில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவர் இருபது கறுப்பின மாணவர்களையும் இருபது சீன வம்சாவளி மாணவர்களையும் கூடவே இருந்து கவனித்தார். சொல்லப்பட்ட காரணம் எதுவும் நிற்கவில்லை. அந்தக் கறுப்பின மாணவர்கள், ஒரு மணிக்கு இரண்டு மணி என்ற கணக்கை ஒழுங்காகப் பின்பற்றியவர்கள். ஆனால் இருபதில் பதினெட்டுப் பேர் வகுப்புத் தோழர்களோடு சேர்ந்து படித்ததே இல்லை. சீன மாணவர்கள் தனியாகவும் படித்தார்கள், பிறகு கூடி உட்கார்ந்து ஒருவர் விடையை இன்னொருவர் குடைந்தார்கள். ஒரு கணக்கு வரவில்லையென்றால் அது தன் குறையா, இல்லை கணக்கே கடினமா என்பது அவர்களுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். தனியாக உட்கார்ந்தவருக்குத் தேர்வு முடிவு வந்த பிறகுதான் தெரியும்.

இதற்கு அவர் கண்ட தீர்வும் எனக்குப் பிடிக்கும். பின்தங்கியவர்களுக்குச் சுலபமான தனி வகுப்பு என்று வைக்கவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சேர்ந்து போட வைத்தார். தோற்றுக்கொண்டிருந்தவர்கள் ஜெயிக்க ஆரம்பித்தார்கள்.

அந்தச் செமஸ்டரில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. 31 வாங்கிய வாரம் பேராசிரியரின் அறைக்குப் போனேன். மாணவர்களைச் சந்திக்க என்றே அவர் வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தார், கதவிலும் எழுதி ஒட்டியிருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. இரண்டு முறை தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். கேட்க வேண்டியதைக் காகிதத்தில் எழுதி வைத்திருந்ததால் பிழைத்தேன். (பேசத் தெரியாது என்கிறீர்களே, இதைச் செய்யுங்கள். வாய் வராவிட்டால் காகிதத்தை நீட்டிவிடலாம்.)

"வாங்க. எந்த வகுப்பு?"

"காலை ஒன்பது மணி வகுப்பு, சார்."

என் விடைத்தாளை வாங்கிப் பார்த்தார். நான்காவது வரியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். "இதுவரைக்கும் சரி. இங்கே ஏன் எக்ஸால் பெருக்கிவிட்டு, குறியைத் திருப்பாமல் விட்டீங்க?"

சமனின்மைக் கணக்கு அது. எதிர்ம எண்ணால் பெருக்கினால் குறி திரும்பும் என்பது எனக்குத் தெரியும். எக்ஸ் எதிர்மமாகவும் இருக்கலாம் என்பதுதான் தோன்றவே இல்லை. தனியாகப் படித்த அத்தனை நாளும் இந்தத் தவற்றைத்தான் திரும்பத் திரும்பப் பழகியிருக்கிறேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, முடிந்தது. கிளம்பும்போது அவர் சொன்னார்: "இந்த வாரம் வந்த முதல் ஆள் நீங்கதான்." முன்னூறு பேரில்!

பின்னாளில் மேசைக்கு அந்தப் பக்கம் நானே உட்கார்ந்தபோது பார்த்தேன். செமஸ்டர் முழுக்க ஈ ஓட்டுவேன். தேர்வுக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் படிக்கட்டு வரை வரிசை நிற்கும். மூன்றாவது வாரம் வந்த பையனுக்கு அரை மணி கொடுக்க முடிந்தது. அந்த வரிசையில் நின்றவருக்கு மூன்று நிமிடம்.

பேராசிரியர்கள் ஏன் ஒட்டாமல் இருக்கிறார்கள் என்ற குறை உங்களுக்கும் வரும். 1810-ல் பெர்லினில் பல்கலைக்கழகம் தொடங்க வில்ஹெல்ம் வான் ஹும்போல்ட் முன்னின்றபோது, கற்பிப்பதும் ஆராய்வதும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை வைத்தார். உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் அதைப் பின்பற்றின. நடைமுறையில் பதவி உயர்வைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஆராய்ச்சிதான். அதனால் முதலாண்டில் உங்கள் பெயர் முதலில் தெரியப்போவது டுடோரியல் எடுக்கும் ஆராய்ச்சி மாணவருக்கு. அவரை விடாதீர்கள். எந்தப் பேராசிரியர் நன்றாக நடத்துவார், எந்த லேபில் இளநிலை மாணவர்களைச் சேர்த்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

விதிகள் விஷயத்தில் மட்டும் கூச்சமோ சோம்பலோ வேண்டாம். இரண்டாம் செமஸ்டரில் ஒரு விருப்பப் பாடத்தை விட்டுவிடலாம் என்று முடிவு செய்து, வகுப்புக்குப் போவதை நிறுத்தினேன். போகாவிட்டால் பெயர் தானாக நீங்கிவிடும் என்று நினைப்பு. செமஸ்டர் முடிவில் அந்தப் பாடத்தில் ஃபெயில் என்று வந்தது. அலுவலகத்துக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்தவர் என் பெயரைக் கேட்கவில்லை, பதிவு எண்ணைக் கேட்டார். கல்வி நாட்காட்டியைத் திருப்பி, ஒரு தேதியின் மேல் விரலை வைத்தார். பாடத்தை விலக்கிக்கொள்ளக் கடைசி நாள், ஆறு வாரத்துக்கு முன்பே முடிந்திருந்தது. கோபித்துப் பயனில்லை, அவர் வைத்த விரல் சரியான இடத்தில்தான் இருந்தது. அந்த ஒரு அரியர் இரண்டு வருடம் என் கூடவே வந்தது. சேர்ந்த அன்றே அந்த நாட்காட்டியை எடுத்து, பதிவு தொடங்கும் நாள், விலக்கிக்கொள்ளும் கடைசி நாள், கட்டணம் கட்டும் நாள் மூன்றையும் போனில் ஏற்றிவிடுங்கள். துறை அலுவலகத்தில் பல வருடம் இருக்கும் ஊழியர் யாரென்று தெரிந்துகொண்டு, மரியாதையாகப் பழகுங்கள். எந்தப் படிவத்தில் யார் கையெழுத்து வேண்டும் என்பது பல நேரம் பேராசிரியருக்கே தெரியாது, அவருக்குத் தெரியும்.

வகுப்புக்கு வெளியே உள்ள வாழ்க்கைதான் பெரிய பல்கலைக்கழகத்தின் நல்ல பக்கம். அத்தனை பேர் இருக்கும் இடத்தில், எவ்வளவு விசித்திரமான ஆர்வத்துக்கும் பத்துப் பேர் தேறுவார்கள். முதல் மாதம் ஆர்வக்கோளாறில் ஐந்து மன்றங்களில் பெயர் கொடுத்தேன், நான்கு தானாகக் கழன்றுகொண்டன. மிஞ்சியது வானியல் மன்றம். மாதம் இருமுறை, இயற்பியல் கட்டடத்தின் மொட்டை மாடியில், ஒரே ஒரு தொலைநோக்கியோடு ஒன்பது பேர். யாரும் அதிகம் பேச மாட்டார்கள், அவரவர் முறைக்குக் காத்திருப்போம். எனக்கு ஏற்ற இடம். சனியின் வளையத்தை முதன்முதலில் அங்கேதான் பார்த்தேன், பொம்மை மாதிரி அவ்வளவு தெளிவு. "அந்த லேபில் விடுமுறைக்கு ஆள் தேடுகிறார்கள், போய்க் கேள்" என்று மூன்றாம் ஆண்டு அக்கா ஒருவர் இருட்டில் சொன்னதும் அங்கேதான். போய்க் கேட்டேன், எடுத்துக்கொண்டார்கள். லேபில் ஏழு பேர். ஒரு நாள் தலைவலி என்று அறையிலேயே இருந்துவிட்டேன், பத்து மணிக்குள் இரண்டு போன் வந்தது.

மனம் சரியில்லாமல் போகும் நாட்களும் வரும். ஆலோசனை மையம் பெரும்பாலும் இருக்கும், ஆனால் காத்திருக்க வேண்டி வரலாம். ரொம்ப முடியாமல் போகும்வரை தள்ளிப்போடாமல், லேசாக இருக்கும்போதே நேரம் கேட்டு வைப்பது நல்லது.

எந்தத் துறைகளுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. முதல் இரண்டு விருப்பங்களைச் சொன்னால், துறை மாற்றம் பற்றி அவர்களிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று இங்கேயே சேர்த்து எழுதுகிறேன்.