மனேஜர் இல்லாத நேரத்துல கடைய யாரு பாக்குறது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நான் டிக்கோயா பக்கம் தோட்டத்துல இருந்து ஹட்டன் டவுனுக்கு வேலைக்கு போறேன். ஃபாஸ்ட் ஃபுட் கடையில ப்ரையர்ல (எண்ணெய்ல பொரிக்கிற மெஷின்ல) நின்னு, பிறகு கேஷியரா இருந்து, இப்ப அசிஸ்டன்ட் மனேஜரா போட்டுருக்காங்க. நேத்து வரைக்கும் ஒண்ணா டீ குடிச்ச கூட்டாளிங்க இப்ப நான் ஒரு வேல சொன்னா காதுலயே வாங்குறதில்ல, கொஞ்சம் சத்தமா சொன்னா "பெரிய ஆளாயிட்டான்"னு பேசுறாங்க. என்ன செய்றது?

பதில்: தம்பி, சத்தம் போடாதீங்க, அது ஒரு வாரத்துக்குத்தான் வேல செய்யும். உங்க கையில இருக்குற பெரிய விஷயம் ரோஸ்டர், அதாவது யாருக்கு எந்த ஷிப்ட்னு போடுற பட்டியல், அத மட்டும் நேர்மையா போடுங்க, பாதி பிரச்சினை அங்கயே தீரும். பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கம் போற பிள்ளைகளுக்கு ராத்திரி பஸ் கிடைக்காது, அவங்கள குளோசிங்ல (ராத்திரி கடை மூடுற ஷிப்ட்ல) போட்டுட்டு டவுன்லயே ரூம் எடுத்து இருக்குற உங்க கூட்டாளிய நேரத்தோட வீட்டுக்கு அனுப்பினா அத எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருப்பாங்க, அதுக்குப் பிறகு நீங்க என்ன சொன்னாலும் யாரும் மதிக்க மாட்டாங்க. வேற வழியில்லாம அவங்களுக்கு குளோசிங் விழுந்தா ஆட்டோவுக்கு கடையில இருந்து காசு குடுக்கணும்னு மனேஜர்கிட்ட நீங்களே பேசுங்க. தீபாவளி, தோட்டத்து கோயில் திருவிழான்னா எல்லாரும் ஒரே நாள்லதான் லீவு கேப்பாங்க, சிங்கள பிள்ளைகளுக்கு வெசாக் இருக்கு, ஏப்ரல் வருசப் பிறப்பு ரெண்டு பேருக்குமே சேந்து வருது, அதனால ஒரு மாசத்துக்கு முன்னாடியே கேட்டு எழுதி, போன தடவ யாருக்கு கிடைக்கலன்னு பாத்து குடுத்து, அந்த தாள கிச்சன் சுவர்ல எல்லாரும் பாக்குற மாதிரி ஒட்டிருங்க.

அடுத்தது, ரஷ் நேரத்துல நீங்க எங்க நிக்கிறீங்கங்கிறது. 10ஆம் திகதி தோட்டத்துல சம்பளம் போட்டதும் வர்ற ஞாயித்துக்கிழமை டவுன் எப்பிடி இருக்கும்னு உங்களுக்கு தெரியும், அன்னைக்கு பிள்ளைகள கூட்டிக்கிட்டு வர்ற அம்மா அப்பா மெனு போர்ட பாத்து என்ன கேக்குறதுன்னு தயங்கி நிப்பாங்க, நீங்க கவுண்டர விட்டு வெளிய வந்து "வாங்கம்மா, எத்தன பேரு"ன்னு தமிழ்ல கேட்டு எடுத்துக் குடுங்க. லைன் குறைஞ்சதும் ப்ரையர்ல தடுமாறுறவன் பக்கத்துல போய் நின்னு ஒரு பாஸ்கெட் எறக்குங்க. ஒரு வார்த்தையும் பேச தேவையில்ல. உங்களுக்கு அந்த வேல தெரியும்னுதான் அந்த இடத்துல போட்டுருக்காங்க.

கல்லாப் பெட்டிய மட்டும் கூட்டாளின்னு விடவே கூடாது. ஷிப்ட் முடிஞ்சதும் கேஷியர் கண் முன்னால எண்ணி, ரெண்டு பேரும் கையெழுத்து வைங்க, எவ்வளவு நம்பிக்கையான ஆளா இருந்தாலும் சரி, அது அந்த ஆளுக்கும் பாதுகாப்புதான்.

கேள்வி: நுவரெலியாவுல கடை. சிக்கன் வெளிய நல்லா செவந்துருது, உள்ள எலும்புகிட்ட ரத்தமா இருக்கு, கஸ்டமர் திருப்பி குடுக்குறாங்க. கொழும்புல ட்ரெயினிங்ல சொன்ன நேரம்தான் வைக்கிறோம்.

பதில்: கொழும்பு கடல் மட்டத்துல இருக்கு, நீங்க 1,868 மீட்டர் உயரத்துல இருக்கீங்க. அங்க 100 டிகிரியில கொதிக்கிற தண்ணி உங்க ஊர்ல சுமார் 94லயே கொதிச்சிரும், அதனால கறிக்குள்ள இருக்குற ஈரம் சீக்கிரமே ஆவியாகி உள்ள சூடு ஏறுறத பிடிச்சு வைக்கும், எண்ணெய் மட்டும் அதே சூட்டுல இருந்து வெளித்தோல செவக்க வச்சிரும். திறந்த ப்ரையர்னா எண்ணெய் சூட்ட ஒரு 10 டிகிரி குறைச்சு நேரத்த கூட்டிப் பாருங்க, ஆனா கம்பெனி செட்டிங்க நீங்களா மாத்தாம மேல சொல்லி எழுத்துல வாங்கிக்கிட்டு செய்ங்க. மூடி பூட்டி ப்ரெஷர்ல பொரிக்கிற மெஷின்னா இந்த பிரச்சினை குறைவு. எதுவா இருந்தாலும் தடிச்ச இடத்துல, எலும்புல படாம தெர்மாமீட்டர குத்திப் பாருங்க, 74 டிகிரி வராத துண்டு வெளிய போகவே கூடாது.

இன்னொன்னும் பாக்கணும், உள்ள ஐஸ் விடாத சிக்கன போட்டாலும் இப்பிடித்தான் வரும். ஐஸ் விடுறதுக்கு முந்தின ராத்திரியே சில்லருக்குள்ள வைங்க. "ஊரே ஃப்ரிட்ஜ் மாதிரிதானே"ன்னு மேச மேல வச்சிட்டு போற பழக்கம் நம்ம பக்கம் நிறைய இருக்கு, ஆனா 5 டிகிரிக்கு மேல 60 டிகிரி வரைக்கும் கிருமி பெருகும், நுவரெலியா குளிர் பெரும்பாலும் அதுக்குள்ளதான் வரும். பிள்ளைங்க சாப்பிடுற சாப்பாடு, பீஎச்ஐ (பொதுச் சுகாதார பரிசோதகர்) வருவாரோன்னு பயந்து செய்ற வேல இல்ல இது.

கேள்வி: பதுளையில இருந்து எழுதுறேன். அசிஸ்டன்ட் மனேஜர்னு பேர் குடுத்துட்டு ஓவர்டைம நிப்பாட்டிட்டாங்க, இப்ப கையில வர்றது முன்னால விட குறைவு. ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) வெட்டுறாங்க, கட்டுறாங்களான்னு தெரியல.

பதில்: தங்கச்சி, கடிதம் குடுத்தாங்களா? குடுக்கலன்னா முதல்ல அத கேளுங்க, அடிப்படை சம்பளம் எவ்வளவு, வேல நேரம் எவ்வளவு, ஓவர்டைமுக்கு பதிலா என்ன அலவன்ஸ்னு அதுல எழுதியிருக்கணும். கணக்கு போட்டு பாருங்க, பழைய சம்பளமும் ஓவர்டைமும் சேந்ததவிட குறைஞ்சா, பதவி வேணாம்னு சொல்றதுல ஒரு வெக்கமும் இல்ல, வீட்டுல சீட்டு கட்டணும், தம்பி தங்கச்சி படிக்கணும், பேர வச்சிக்கிட்டு என்ன செய்ய.

ஈபிஎஃப் பதவிய பாத்து மாறாது. உங்க சம்பளத்துல 8 வீதம் வெட்டினா அவங்க 12 வீதம் போடணும், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முழுசா அவங்க கைக்காசு, அத உங்க சம்பளத்துல வெட்டவே முடியாது. 15 பேரோ அதுக்கு மேலயோ வேல செய்ற இடம்னா, 5 வருசம் முடிச்சு விலகும்போது ஒவ்வொரு வருசத்துக்கும் அரை மாச சம்பளம் கிராஜுவிட்டியா (பணிக்கொடையா) வரணும், அதனால கோவத்துல நாலரை வருசத்துல எழுதிக் குடுத்துட்டு வந்துராதீங்க. பே ஸ்லிப் ஒண்ணையும் வீசாம வைங்க. காசு கட்டலன்னு தெரிஞ்சா அத எடுத்துக்கிட்டு பதுளை தொழில் அலுவலகத்துக்கு போய் முறைப்பாடு குடுங்க, தமிழ்லயே எழுதி குடுக்கலாம், அது உங்க உரிமை.