கொட்டாங்குச்சிக் கரி எல்லா உலோகத்தையும் பிடிக்குமா?

கேள்வி: எங்கள் வீட்டு போர் தண்ணீர் பிடிக்கும்போது பளிச்சென்று இருக்கிறது, விடிந்து பார்த்தால் பக்கெட் அடியில் செம்மண் நிறத்தில் படிந்திருக்கிறது. பையனின் வெள்ளைச் சட்டையெல்லாம் பழுத்துவிட்டது. கொட்டாங்குச்சிக் கரி ஃபில்ட்டர் போட்டால் எல்லா உலோகமும் போய்விடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள் அம்மா. நீங்கள் சொல்வது பெரும்பாலும் இரும்பு. நிலத்தடியில் காற்று படாத வரை அது கரைந்தே கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. மேலே வந்து காற்று பட்டதும் துருவாகத் திரண்டு அடியில் இறங்கும். இந்தத் தண்ணீரில் டீ போட்டால் சிவக்காமல் கறுத்துப்போகிறதா என்று பாருங்கள், கறுத்தால் இரும்பு நன்றாகவே இருக்கிறது. இதற்குக் கரியே வேண்டாம். டாங்கில் தண்ணீரைச் சிதறி விழவிட்டு, ஓர் இரவு நிற்க வைத்து, மணலில் வடித்தாலே பெரும்பகுதி நின்றுவிடும்.

கரியின் வேலை வேறு. ஃபில்ட்டருக்கென்று பதப்படுத்திய கரிக்கு ஆக்டிவேட்டட் கார்பன் என்று பெயர்; அதில் ஒரு கிராமுக்குள் இருக்கும் நுண்துளைகளை விரித்துப் போட்டால் 500 சதுர மீட்டருக்கு மேல் வரும். குளோரின், வாடை, பூச்சிமருந்து இதெல்லாம் அதில் நன்றாக ஒட்டும். கரைந்த உலோகம் மின்னேற்றம் உள்ள அயனி, சாதாரணக் கரியில் அவ்வளவாக ஒட்டாது. ஈயத்துக்கு அதற்கென்றே பதப்படுத்திய கரியோ, அயனியைப் பிடிக்கும் ரெசின் மணிகளோ வேண்டும். ஆர்செனிக்குக்கு இரும்பின் ஆக்சைடு வகைகள்தான் சரி, அதாவது உங்கள் பக்கெட்டில் படிகிற துருவின் உறவுக்காரர்கள்! ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் பிரதீப்பின் குழு ஆர்செனிக்கை நீக்க உருவாக்கிய 'அம்ரித்' அப்படிப்பட்டதுதான்; அதில் இரும்புச் சேர்மத்தோடு சேர்கிற கைட்டோசான் என்ற பொருள், காசிமேட்டில் உரித்துக் கொட்டுகிறார்களே இறால் ஓடு, அது மாதிரி ஓடுகளிலிருந்து எடுப்பது. நம் ஊரில் பிறந்த இந்த வேலை எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

ஆனால் எதைப் போட்டாலும் அதில் இடம் ஓர் அளவுதான். பஸ்ஸில் சீட் நிரம்பின பிறகு ஏறுகிறவர் நின்றுகொண்டுதானே போக வேண்டும், அதுபோல இடம் தீர்ந்ததும் உலோகம் அப்படியே குழாய் வழியே வந்துவிடும், ருசியிலோ நிறத்திலோ தெரியாது. எத்தனை லிட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கடையில் எழுதி வாங்குங்கள்.

அப்புறம், டிடிஎஸ் மீட்டரை முக்கிக் காட்டினால் மயங்காதீர்கள். ஈயத்துக்கு இந்தியக் குடிநீர்த் தர வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், மீட்டர் காட்டுவதோ மொத்த உப்பின் கணக்கு, அதை வைத்து ஈயம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லவே முடியாது. முதலில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கேட்டு, கட்டணம் கட்டிச் சோதித்துவிடுங்கள். மணலி, எண்ணூர் தொழிற்சாலைகள் பக்கத்தில் இருப்பதால் இரும்போடு ஈயம், காட்மியம், குரோமியமும் பார்க்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை குடிக்க, சமைக்க மெட்ரோ தண்ணீர்தான். போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் உலோகம் போகாது, தண்ணீர் வற்ற வற்ற செறிவுதான் கூடும்.

கேள்வி: ஃபில்ட்டருக்குள் இருக்கும் பழைய கரி கேட்ரிட்ஜைக் கழுவி வெயிலில் காயவைத்து மறுபடி போடலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கூடாது. வெயிலுக்கு உலோகம் ஆவியாகாது. அந்தக் கரியைச் செடித் தொட்டியிலும் கொட்டாதீர்கள், பிடித்ததெல்லாம் அதற்குள்ளேயேதான் இருக்கிறது.