ஆன்லைன்லயே எல்லா கேமும் அறிவிக்கிறாங்க, காய்ச்சல் பயம் வேற, இன்னும் கேமிங் கன்வென்ஷன் எதுக்கு?

அறிவிப்புக்காகன்னா தேவையே இல்ல. நின்டெண்டோ 2011லயே புது கேம ஆன்லைன்ல அறிவிக்கிற 'நின்டெண்டோ டைரக்ட்' வீடியோ ஆரம்பிச்சுட்டாங்க, சோனி 2019ல இ3ங்கிற (E3) அமெரிக்க கேமிங் கண்காட்சி பக்கமே வரல, 2020ல கொரோனாவால ரத்து, கடைசியா 2023 டிசம்பர்ல இ3க்கு மொத்தமா மூடுவிழா.

ஆனா ஜெர்மனி கொலோன்ல நடக்கிற கேம்ஸ்காம் 2024ல 3 லட்சத்துக்கும் மேல கூட்டம், ஏன்னா அங்க டிக்கெட் வாங்கி யாரு வேணா போய் கையில கன்ட்ரோலர் புடிச்சு வெளிவராத கேம ஆடலாம், அதுக்காக மணிக்கணக்கா க்யூல நிப்பாங்க (கால் வலி தனி கத!). கேம் பண்ற சின்ன டீமுக்கு இதவிட நல்ல டெஸ்டிங் கிடையாது, ஆடுறவன் எந்த இடத்துல முழிக்கிறான்னு பக்கத்துல நின்னே பாத்துடலாம்.

காய்ச்சல் பயமும் சும்மா இல்ல, 2009ல அமெரிக்கா சியாட்டில்ல நடந்த பாக்ஸ் (PAX) கேமிங் கன்வென்ஷன் போனவங்களுக்கு பன்றிக்காய்ச்சலே பரவுச்சு. நூறு பேர் தொட்ட கன்ட்ரோலர் சார் அது, சானிடைசர் எடுத்துட்டு போங்க.